பன்னிரண்டு பட்டன் மவுஸா, கைக்கு அடங்கும் மவுஸா?

கேள்வி (கோபியிலிருந்து ஒரு தம்பி) – மார்ச் 2

வணக்கமுங்க. ஊர் கோபி, படிப்பது கோயமுத்தூரில், ஹாஸ்டல் வாசம். ராத்திரியில் வேலரன்ட் என்ற துப்பாக்கி ஆட்டம், லீவு நாளில் டோட்டா 2. கம்ப்யூட்டரோடு வந்த சாதா மவுஸில்தான் ஆடுகிறேன். சித்த நேரம் ஆடினாலே கட்டைவிரல் அடியும் மணிக்கட்டும் இழுத்துப் பிடிக்கிறது. டிபிஐ எச்சா இருந்தால் கை அதிகம் அசைய வேண்டாம், பட்டன் எச்சா இருந்தால் ஆட்டம் கூடும் என்கிறான் ரூம்மேட். பக்கவாட்டில் பன்னிரண்டு பட்டன் உள்ள ஒரு மவுஸைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமுங்களா?

மார்ச் 2, இரவு

பொறுங்க தம்பி. பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுங்கள். மணிக்கட்டில் உள்ளங்கை தொடங்கும் இடத்தில் ஒரு ரேகை இருக்கும். அதிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து சொல்லுங்கள். பிறகு கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரல்களின் அடியிலும் குறுக்கே அகலம். இந்த இரண்டு அளவும் இல்லாமல் யார் எந்த மவுஸைச் சொன்னாலும் அது அவர் கைக்கான பதில்தான்.

எதற்கு இவ்வளவு அளவு பார்ப்பது என்றால், கடையில் கிடைக்கும் மவுஸ்களுக்குள் வித்தியாசம் அவ்வளவு இருக்கிறது. லாஜிடெக் ஜி102 நீளம் 116.6 மி.மீ. ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் 127 மி.மீ. லாஜிடெக் ஜி502 132 மி.மீ. ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் சின்னது, உள்ளங்கைக்குள் ரொம்பப் பெரியது. செருப்பு வாங்கும்போது சைஸ் பார்க்கிறோம், நாள் முழுக்கக் கையில் பிடிக்கும் பொருளுக்கு மட்டும் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்கிறோம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் எம்ப்ராய்டரி டிசைன் போடுகிறவன். பகல் முழுக்க மவுஸ், ராத்திரியும் மவுஸ். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

மார்ச் 3, காலை

பிடியைப் பற்றி நேற்று எழுதவில்லை. மவுஸை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று ஒரு ஆட்டத்தின் நடுவில் கவனியுங்கள். நிதானமாக இருக்கும்போது பார்த்தால் தெரியாது, எதிரி முன்னால் வந்து நிற்கும்போது கை என்ன செய்கிறதோ அதுதான் உங்கள் பிடி.

உள்ளங்கை முழுதும் மவுஸின் முதுகில் படிந்திருந்தால் அது உள்ளங்கைப் பிடி. இதற்கு நீளமும் பின்பக்கம் நல்ல மேடும் வேண்டும். உள்ளங்கையின் அடி மட்டும் தொட்டு, விரல்கள் வளைந்து நின்றால் நகப்பிடி. இதற்குக் குட்டையானது போதும். உள்ளங்கை படவே இல்லை, விரல் நுனிகள்தான் பிடிக்கின்றன என்றால் நுனிப்பிடி, இதற்குச் சின்னதும் எடை குறைந்ததும் வேண்டும். பலருக்கு இரண்டு பிடி கலந்திருக்கும்.

எனக்குக் கை நீளம் 17.6 செ.மீ., நகப்பிடி. ஜி102 உருவம் சரியாக உட்காருகிறது. உங்கள் கை என் கை இல்லை.

மார்ச் 3, இரவு

தம்பியின் அளவு வந்துவிட்டது: நீளம் 19.4 செ.மீ., அகலம் 9.5 செ.மீ., உள்ளங்கைப் பிடி. பெரிய கை. கம்ப்யூட்டரோடு வரும் மவுஸ்கள் பெரும்பாலும் குட்டை, தட்டை. உள்ளங்கை சாய இடம் இல்லாதபோது, மவுஸ் நழுவாமல் இருக்கக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடிக்கும். உங்களுக்குக் கட்டைவிரல் அடி இழுப்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது டிபிஐ. ரூம்மேட் சொல்வது பாதிதான் சரி. 800 டிபிஐ என்றால் மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் 800 எண்ணிக்கை கம்ப்யூட்டருக்குப் போகும். விண்டோஸில் வேகத்தை நடுவில் வைத்திருந்தால் ஓர் எண்ணிக்கை ஒரு பிக்சல். 1920 பிக்சல் அகலத் திரையைக் கடக்க 2.4 அங்குலம் கை நகர வேண்டும். ஜி502 ஹீரோவின் உச்சமான 25,600ஐ வைத்தால் அதே திரையை 2 மி.மீ.க்கும் குறைவான அசைவில் கடந்துவிடும். அதில் யாரால் குறி பார்க்க முடியும்? அந்த எண் பெட்டிக்கு மேல் அச்சடிக்கத்தான் உதவும்.

கை அசைவு குறைந்தால் வலி போகும் என்பதும் அப்படியே ஒத்துக்கொள்ளக் கூடியது இல்லை. வேகத்தை ஏற்றினால் அசைவெல்லாம் மணிக்கட்டுக்கு வந்து சேரும், சின்னச் சின்னத் திருத்தத்துக்காக விரல்கள் எந்நேரமும் இறுகியே இருக்கும். குறைத்தால் முழங்கையிலிருந்து மொத்தக் கையும் நகரும். பெரிய தசைகள் பெரிய வேலையைச் செய்யட்டும்.

வேலரன்டில் 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி (ஆட்டத்துக்குள் வைக்கும் வேக எண்) 0.4 என்று வைத்தால், ஆட்டத்தில் ஒரு முழுச் சுற்று திரும்பக் கிட்டத்தட்ட 41 செ.மீ. நகர்த்த வேண்டும். 1600 வைத்து 0.2 போட்டாலும் அதே 41தான். இரண்டையும் பெருக்கி வரும் எண்தான் முக்கியம். இங்கே 320. அங்கிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுகிற நண்பர்கள் வேலரன்ட் எண்ணை 3.18ஆல் பெருக்கிக்கொண்டால் அதே வேகம் கிடைக்கும்.

அப்புறம் விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கையை வேகமாக நகர்த்தும்போது ஒரு தூரம், மெதுவாக நகர்த்தும்போது வேறு தூரம் போகும். கை எதையும் பழகிக்கொள்ளாது.

மார்ச் 6

பன்னிரண்டு பட்டன் விஷயம்.

பக்கவாட்டில் எண் பலகை மாதிரி பன்னிரண்டு பட்டன் வைத்த ரேசர் நாகா 2009இல் வந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் போல மந்திரமும் ஆயுதமுமாக இருபது முப்பது வேலை ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய ஆட்டங்களுக்காக. அந்த ஆட்டத்தில் எழுந்த தேவைக்கு அது நியாயமான பதில். வேலரன்டில் கட்டைவிரலுக்கு வேலை என்ன? இரண்டு, மிஞ்சினால் மூன்று. மீதி ஒன்பது பட்டனும் கட்டைவிரல் ஓய்வெடுக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மவுஸைத் தூக்கி வைக்கும்போது விரல் அழுந்தி வேண்டாத பட்டன் விழும். அது விழாமல் இருக்க விரலை ஒதுக்கி ஒதுக்கிப் பிடிப்பீர்கள். மறுபடி வலி.

என் கணக்கு ஒன்றுதான்: பிடியை மாற்றாமல் விரல் எட்டுகிற பட்டன் மட்டுமே பட்டன். மற்றதெல்லாம் எடை.

ஜி502 ஹீரோவையே எடுங்கள். 11 பட்டன், எடை 121 கிராம், அதற்கு மேல் தலா 3.6 கிராமில் ஐந்து எடைக்கட்டிகள் கூடவே வரும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்திப் பிடித்திருக்கும் வரை வேகம் குறையும், தூரத்துக் குறிக்கு. அருமையான யோசனை. ஆனால் என் கையில் கட்டைவிரலை நீட்டி, பிடியைத் தளர்த்தினால்தான் அது எட்டும். கோபித் தம்பியின் கைக்கு எட்டலாம்.

மார்ச் 7

சேலத்திலிருந்து ஒரு நண்பர், “பன்னிரண்டு பட்டனில் வருஷக்கணக்காக ஆடுகிறேன், எனக்கு எந்த வலியும் இல்லை” என்று எழுதியிருக்கிறார். அவர் ஆடுவது ஃபைனல் ஃபேன்டசி 14. அவருக்கு அது சரி. நேற்று நான் எழுதியது துப்பாக்கி ஆட்டத்தை மனதில் வைத்து. அவருடைய ஆட்டத்தில் நொடிக்குள் குறி பார்த்து மவுஸைத் தூக்கி வைக்கும் வேலை இல்லை, கை ஓரிடத்தில் படிந்தே இருக்கும்.

இரண்டு வகையும் ஆடுகிறவர்களுக்கு ஒரு வழி: நாகா ட்ரினிட்டியில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மாட்டலாம். 2, 7, 12 பட்டன் என மூன்று தகடு. 2022இல் வந்த நாகா வி2 ப்ரோவில் 2, 6, 12. எடைதான் எனக்கு உறுத்தும், ட்ரினிட்டி 120 கிராம்.

தம்பி, டோட்டாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டோட்டாவில் முக்கிய வேலையெல்லாம் இடது கை கீபோர்டில் செய்யும். பக்கவாட்டு இரண்டு பட்டனில் அவசரத்துக்கு எடுக்கிற இரண்டு பொருளைப் போட்டுக்கொண்டால் தாராளம்.

மார்ச் 8

பட்டனைக் கூட்டாமல் வேலையைக் கூட்டும் வழியை விட்டுவிட்டேனே. லாஜிடெக்கில் ஜி-ஷிஃப்ட், ரேசரில் ஹைப்பர்ஷிஃப்ட். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் மற்ற பட்டன்களெல்லாம் இரண்டாவது வேலைக்கு மாறும். ஐந்து பட்டன் மவுஸில் ஒன்றை இதற்கு ஒதுக்கினால் மிச்ச நான்கும் எட்டு வேலை செய்யும்.

யோசனை பழசு. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அதை முதன்முதலாகப் பெரிய சபையில் காட்டினார். வலது கையில் மூன்று பட்டன் மவுஸ். இடது கையில் ஐந்து கட்டைகள் மட்டும் கொண்ட சின்னப் பலகை. ஒன்றாகவும் சேர்த்தும் அழுத்தினால் அந்த ஐந்திலிருந்தே 31 சேர்க்கை வரும். கையைக் கட்டையை விட்டு எடுக்காமல் வேலை நடக்க வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார். எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை.

மார்ச் 11

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் இருப்பவர்களுக்காக இது. தறிக்கும் கட்டிங் டேபிளுக்கும் அருகில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கர்சர் திடீரென்று துள்ளும், நடுங்கும், சில நேரம் நின்றே போகும். மவுஸ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். திருப்பி, அடியில் சென்சார் ஓட்டையைப் பாருங்கள். பஞ்சு இழை ஒன்று குறுக்கே கிடக்கும். மவுஸின் சென்சார் என்பது ஒரு சின்னக் கேமரா. அடியில் இருக்கும் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிறது. லென்ஸ் முன்னால் ஒரு இழை ஆடிக்கொண்டிருந்தால் அது பாவம் என்ன செய்யும்?

ஊதினால் எச்சில் தெறிக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் வேண்டாம், அது இன்னொரு இழையை விட்டுப் போகும். மெல்லிய பெயின்ட் பிரஷ்தான் நல்லது. அடியில் வழுக்கிச் செல்ல ஒட்டியிருக்கும் டெஃப்லான் பட்டைகளின் ஓரத்திலும் பஞ்சும் அழுக்கும் கெட்டிப்பட்டிருக்கும். அதை நகத்தால் வழித்துவிட்டால் மவுஸ் புதுசு மாதிரி ஓடும்.

மார்ச் 12

பனியன் வேஸ்ட் துணியால் துடைக்கலாமா என்று கேட்டவருக்கு: மேல் பாகத்தைத் தாராளமாக. சென்சார் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

மார்ச் 16

தம்பி காந்திபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். பெட்டியைப் பிரித்துக் காட்ட மாட்டோம் என்கிறார்கள் என்று வருத்தம். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, பிரித்த பெட்டியை அடுத்தவர் வாங்க மாட்டார். வேறு வழி இருக்கிறது. கேமிங் சென்டர் ஒன்றில் காசு கட்டி உட்காருங்கள், அங்கே இருக்கிற மவுஸின் மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டு, ஒரு சாயங்காலம் கடன் வாங்கி ஆடுங்கள். கடையில் கையில் வைத்துப் பார்ப்பதும் போதாது. எந்த மவுஸும் முதலில் நன்றாகத்தான் இருக்கும். கை களைத்த பிறகு எங்கே உறுத்துகிறது என்பதே கேள்வி.

கவனிக்க வேண்டியவை: மோதிரவிரலும் சுண்டுவிரலும் தரையில் உரசுகிறதா, அல்லது மவுஸ் மேலேயே நிற்க இடம் இருக்கிறதா. ஸ்க்ரோல் சக்கரத்தை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும். பக்கப் பட்டன் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கட்டைவிரலுக்குத் தடவியே தெரிகிறதா.

மார்ச் 20

ஈரோட்டிலிருந்து ஒரு அக்கா, அவர் மகளுக்கு இடது கைப் பழக்கம். “இரண்டு கைக்கும் பொருந்தும்” என்று போட்டிருந்த ஒன்றை வாங்கி, கட்டைவிரல் பக்கம் பட்டனே இல்லாமல் தவிக்கிறாள் என்கிறார்.

இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. உருவம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பக்கப் பட்டன் மட்டும் வலதுகைக்காரர் கட்டைவிரலுக்கே வைத்திருப்பார்கள். ஜி102, ரேசர் வைப்பர் மினி எல்லாம் அப்படித்தான். 2018இல் வந்த லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸில் பக்கப் பட்டன்களை எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் மாட்டலாம், வேண்டாத பக்கத்தை மூடிவிடலாம். 2019இல் வந்த பழைய வைப்பரில் இரண்டு பக்கமும் பட்டன் உண்டு. பன்னிரண்டு பட்டன் தேவைப்படும் ஆட்டம் என்றால் நாகாவிலேயே இடது கைக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. வாங்கும் முன் இரண்டு பக்கப் படத்தையும் பாருங்கள் அக்கா.

மார்ச் 23

“கஸ்டமைஸ்” என்றால் எல்லாரும் சாஃப்ட்வேரையும் கலர் லைட்டையும்தான் சொல்கிறார்கள். உருவத்தை மாற்றுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேட் கேட்ஸ் கம்பெனியின் ஆர்.ஏ.டி. வரிசையில் அதைச் செய்தார்கள். முதுகை முன்னும் பின்னும் நகர்த்தலாம், கட்டைவிரல் பலகையைத் தள்ளி வைக்கலாம், சுண்டுவிரல் பக்கத்துக்கு வேறு தகடு மாட்டலாம். கம்பெனி 2017இல் திவாலாகி அடுத்த வருடமே திரும்ப வந்தது. விலையும் எடையும் கூடுதல் என்றாலும், அந்த எண்ணத்தை இன்னும் நிறையப் பேர் பின்பற்றியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கோயமுத்தூர் கணபதியில் என் பங்காளி ஒருவர் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரி, செய்கிறவர். அவரிடம் என் மவுஸைக் காட்டி, தூக்கி வைக்கும்போது நழுவுகிறது என்றேன். கையில் வாங்கி இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, “பக்கச் சுவர் நெட்டுக்குத்தலா நிக்குது, கீழ போகப் போகக் குறுகோணும்” என்றார். மணலிலிருந்து சேதமில்லாமல் உருவி எடுக்க பேட்டர்னின் பக்கங்களில் ஒரு சிறு சரிவு விடுவார்கள், அதே சரிவு. மேலே அகலம், கீழே குறுகல் என்று இருந்தால் இறுக்காமலேயே விரல் தூக்கிவிடும். இதற்கப்புறம் எந்த மவுஸைப் பார்த்தாலும் முதலில் அதன் பக்கச் சுவரைத்தான் பார்க்கிறேன்.

அவர் சொல்லிக் கொடுத்த வேலை இது. மவுஸின் இடது பக்கத்தில் பேப்பர் டேப்பை ஒட்டி, அதன் மேல் பிசைந்த எம்-சீலை அப்ப வேண்டும். கையில் பாலிதீன் உறை மாட்டிக்கொண்டு, வழக்கமாகப் பிடிக்கிற மாதிரியே பிடித்து அழுத்தி, கட்டைவிரல் குழி பதிந்ததும் விட்டுவிட வேண்டும். இரவு முழுக்கக் காயட்டும். மறுநாள் டேப்போடு உரித்தெடுத்து, அரத்தால் மேல் விளிம்பை மழுக்கி, எமரி பேப்பர் போட்டு இழைத்து, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினால் சரி. பக்கப் பட்டன் மேல் ஒரு துளிகூடப் படக்கூடாது. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம், மவுஸுக்கு ஒன்றும் ஆகாது. சில கிராம் கூடும், அவ்வளவுதான். என் கட்டைவிரல் இப்போது உட்கார ஒரு இடம் கிடைத்திருக்கிறது, கிள்ளுவதை விட்டுவிட்டது.

1964இல் எங்கெல்பார்ட்டோடு வேலை பார்த்த பில் இங்கிலீஷ் செய்த முதல் மவுஸின் உடம்பே மரம்தான் என்று பங்காளியிடம் சொன்னேன். “அப்பத்திக்கே நம்ம ஆளுகதான் செஞ்சிருக்காங்க” என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 24

எடையைக் குறைக்க வழி கேட்டவருக்கு. வயர்லெஸ் ஜி304 வைத்திருந்தால் உள்ளே ஒரு ஏஏ பேட்டரி போடுவோம். மவுஸ் மொத்தம் 99 கிராம், அதில் சாதா ஆல்கலைன் பேட்டரி மட்டும் 23 கிராம் அளவு. லித்தியம் ஏஏ போட்டால் 15 கிராம். ஏஏஏ பேட்டரியை ஏஏ அளவுக்கு மாற்றும் பிளாஸ்டிக் உறையில் போட்டால் அதற்கும் கீழே வரும், ஆனால் சீக்கிரம் தீரும். பேட்டரி பின்பக்கம் உட்காருவதால் குறைகிற எடை பின்னால்தான் குறையும். கையில் உடனே தெரியும்.

வயர்லெஸ் விட்டு விட்டு ஓடுகிறது என்றால் ரிசீவரை கேபினெட் பின்னால் நீல நிற யுஎஸ்பி ஓட்டை பக்கம் செருகியிருக்கிறீர்களா பாருங்கள். அந்த நீல ஓட்டை யுஎஸ்பி 3, அது வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ரிசீவரை மேசைக்கு மேல், மவுஸ் அருகில் கொண்டு வந்துவிடுங்கள்.

மார்ச் 30

வெயில் ஆரம்பித்துவிட்டது. உள்ளங்கை வேர்க்கிறவர்கள் மேல்பூச்சையும் கவனிக்க வேண்டும். ரப்பர் மாதிரி மெத்தென்று பூசியது முதலில் சுகமாக இருக்கும். நம் ஊர் வேர்வைக்கும் சூட்டுக்கும் கொஞ்ச காலத்தில் பிசுபிசுக்கும், பிறகு உரியும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக்தான் நிலைத்து நிற்கிறது. பளபளப்பான பிளாஸ்டிக் வேர்த்தால் வழுக்கும். பக்கங்களில் பேட்மின்டன் ராக்கெட் கிரிப்பை அளவாக வெட்டி ஒட்டினாலே போதும், நைந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 4

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழுகிறது என்ற புகார் இந்தக் கேள்வி பதிலில் இது எத்தனையாவதோ. எனக்கும் ஒரு மவுஸில் வந்தது, பெயர் வேண்டாம். சர்வீஸில் கொடுத்தேன், அதே நோயோடு திரும்பி வந்தது. ஆட்டத்தில் அது தொந்தரவு. என் எம்ப்ராய்டரி வேலையில் ஒரு நோடுக்கு (தையல் கோட்டில் வைக்கும் புள்ளிக்கு) பதில் இரண்டு விழுந்து தையல் கணக்கே மாறிவிடும்.

சாதா சுவிட்சுக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு வளைந்து இன்னொரு உலோகத்தைத் தொடும். தொடும் இடம் தேய்ந்து கறுத்தால் தொடர்பு நடுங்கி, ஒரு அழுத்தல் இரண்டாகப் பதிவாகும். சுவிட்ச் தனி உதிரிபாகம், சால்டரிங் தெரிந்த மொபைல் ரிப்பேர்காரர் மாற்றித் தருவார். ஓம்ரான், ஹுவானோ, கெய்ல் என்று பல கிடைக்கும். வாரன்டி இருக்கும்போது பிரிக்காதீர்கள்.

சால்டரிங்கே வேண்டாம் என்றால் ஏசுஸ் ஆர்ஓஜி கிளேடியஸ் வரிசையில் சுவிட்சைப் பிடுங்கிச் செருகும் குழி வைத்திருக்கிறார்கள். லேசான கிளிக் வேண்டுமா, கெட்டியானது வேண்டுமா, நீங்களே மாற்றிக்கொள்ளலாம். உருவத்துக்கு அடுத்தபடியாக உண்மையான கஸ்டமைஸ் என்று நான் சொல்வது இதைத்தான். உலோகத் தொடர்புக்குப் பதில் ஒளிக்கற்றை மறைவதைப் பதிவு செய்யும் ஆப்டிகல் சுவிட்சுகளும் உண்டு. உரச உலோகம் இல்லாததால் இந்த இரட்டைக் கிளிக் நோய் அதற்கு வராது.

ஏப்ரல் 13

சாஃப்ட்வேர். வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் செய்யும் அமைப்பு மவுஸுக்குள்ளேயே பதிகிறதா? பதிந்தால் வீட்டில் ஒருமுறை அமைத்துவிட்டு எங்கே கொண்டுபோய்ச் செருகினாலும் அதே வேலை செய்யும். ஜி502 ஹீரோவில் ஐந்து அமைப்பு வரை உள்ளேயே வைக்கலாம். கம்பெனிக் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார்கள், கேமிங் சென்டரிலும் அப்படித்தான்.

விண்டோஸில் எக்ஸ்-மவுஸ் பட்டன் கன்ட்ரோல் என்று ஒரு இலவச மென்பொருள், எந்தக் கம்பெனி மவுஸுக்கும் பக்கப் பட்டனை மாற்றித் தரும். லினக்ஸில் பைப்பர், அது ஆதரிக்கும் மவுஸ்களுக்கு மட்டும். என் பக்கப் பட்டனில் ஒன்று கன்ட்ரோல் இசட். இன்னொன்று டிசைன் வரையும் கோரல்டிராவில் எஃப்4, படம் முழுவதையும் திரைக்குள் கொண்டு வரும். இந்த இரண்டும் இல்லாமல் இப்போது என்னால் வேலை பார்க்கவே முடியாது. கேமிங் மவுஸ் வாங்கி வேலைக்குப் பயன்படுத்தினால் என்ன தப்பு என்று வீட்டில் கேட்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

மேக்ரோ கேட்டவர்களுக்கு: ஒரு பட்டனுக்கு ஒரு வேலை என்று மாற்றிக்கொள்வது எல்லா இடத்திலும் சரி. ஒரே அழுத்தலில் நான்கு வேலை தானாக நடப்பது வேறு. 2024 ஆகஸ்டில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2இல் அப்படிப்பட்ட தானியங்கி உத்திகளை அந்த ஆட்டத்தின் கம்பெனியான வால்வ் தடுத்து, பயன்படுத்துகிறவர்களை ஆட்டத்திலிருந்து வெளியேற்றத் தொடங்கியது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. கை பழக வேண்டியதைக் கைதான் பழக வேண்டும்.

ஏப்ரல் 21

வலி பற்றி இன்னும் விரிவாக எழுதச் சொல்லி மூன்று பேர். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது மணிக்கட்டுக்குள் ஓடும் நடு நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் அது வேறு நரம்பு, முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதாலும் வரும். ராத்திரி தூக்கத்தில் மரத்து விழிப்பு வந்தால் மவுஸ் தேடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

மேசை உயரத்தையும் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் தோள் தூக்கியே நிற்கும். மணிக்கட்டு மேல்நோக்கி மடியும். முழங்கையும் மவுஸும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்படி நாற்காலியில் தலையணை போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள், கால் தொங்கினால் கீழே ஒரு பலகை. இதற்குச் செலவே இல்லை. இதைச் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து மவுஸ் வாங்கினாலும் பாதிப் பலன்தான்.

ஏப்ரல் 28

தம்பி வாங்கிவிட்டார். டெத்ஆடர் எசென்ஷியல், வயர் உள்ளது. 127 மி.மீ. நீளம், முதுகு மேடு, 96 கிராம், ஐந்து பட்டன். உச்ச டிபிஐ 6400, அவர் வைத்திருப்பது 800. பக்கப் பட்டன் ஒன்றில் பேசுவதற்கான மைக், இன்னொன்றில் கத்தி. உள்ளங்கை சாய இடம் கிடைத்ததும் கட்டைவிரல் இழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது என்கிறார், மணிக்கட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். ஹாஸ்டல் நாற்காலியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். ரூம்மேட்டும் இப்போது ஸ்கேல் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

தம்பி, வயர் மேசை விளிம்பில் உரசி இழுத்தால் அதுவும் எடை மாதிரிதான். கொஞ்சம் தொய்வு விட்டு மானிட்டர் அடியில் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

ஏப்ரல் 29

தம்பி, மவுஸுக்கு அடியில் விரிக்கும் துணிப் பேட் கேட்டிருக்கிறீர்கள். 41 செ.மீ. சுற்று என்றால் குறைந்தது 40 செ.மீ. அகலம் உள்ளது வாங்குங்கள், ஓரம் தைத்ததாக. தைக்காதது பிசிறு விட்டு அந்த இழையே சென்சாருக்குள் போகும். அழுக்கானதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டுக் கையால் தேய்த்து அலசுங்கள். பிழியக்கூடாது. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு விரியுங்கள், வெயிலில் போட்டால் அடி ரப்பர் சுருண்டுவிடும்.